வியாழக்கிழமைத் தூக்கம்

அண்ணன் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியபோது அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வேலை மெனக்கெட்டு யாராவது சுவரைப் பார்ப்பார்களா என்றால், அவள் பார்ப்பாள். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அவளுக்கு வேலை கிடையாது. காலை எட்டு மணிக்கு எதிர்ச்சுவரின் உச்சியில் விழும் வெயில் மெல்ல மெல்ல இறங்கி, மெத்தையைத் தாண்டித் தரையில் ஊர்ந்து, பதினொன்றரைக்கு ஜன்னலடிக்குப் போய்ச் சேரும். கீழ்த்தளத்தில் பல் டாக்டரின் மெஷின் வண்டு மாதிரி முரலும், நிற்கும், மறுபடி முரலும். அந்த மூன்றரை மணி நேரத்தில் அவள் டீ குடிப்பாள், நூலகப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பாள், படித்ததை நினைத்துக்கொண்டே வெயிலைப் பார்ப்பாள். எந்த இடத்தில் நினைப்பு நின்றுபோய் வெறும் வெயில் மட்டும் மிஞ்சியது என்று அவளுக்கே தெரியாது. அதற்குப் பெயர் சோம்பேறித்தனம் என்பாள் அண்ணி. இருக்கட்டும். அந்தச் சோம்பேறித்தனத்தைச் சம்பாதிக்க அவள் பட்ட பாடு அண்ணிக்குத் தெரியாது.

ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில், துணியறையில், அவள் தையல்காரி. வார்டுகளிலிருந்து வெளுத்து வரும் விரிப்புகள், தலையணை உறைகள், நோயாளிகளின் அங்கிகள் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, நைந்ததைத் தைத்து, தைக்க முடியாததைக் கழித்துவிடுவது அவள் வேலை. பத்து வருடத்துக்கு முன்பு, எனக்கு வாரம் நாலு நாள் வேலை போதும், சம்பளத்தையும் அதற்கேற்றபடி குறைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். மேற்பார்வையாளர் தாளை இரண்டு தரம் படித்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை. வீட்டில் யாருக்காவது? இல்லை. வேறெங்காவது வேலைக்குப் போகப் போகிறீர்களா? அதுவும் இல்லை. பிறகு எதற்கு என்றதற்கு, சும்மா இருக்க என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, எதற்கும் மனநல டாக்டரிடம் ஒரு எட்டுப் போய் வாருங்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவளும் போனாள். டாக்டர் அரைமணி நேரம் பேசிப் பார்த்துவிட்டு, இப்படி நாலு நாள் வேலை டாக்டர்களுக்கும் கொடுப்பார்களா என்று விசாரித்தார்.

வந்த சம்பளத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிதான் அவள் வாழ்க்கை. இரண்டாவது மாடியில் ஒரே அறை, மூலையில் அடுப்பு, தரையில் மெத்தை, ஒரு நாற்காலி. சுவரில் முன்னே குடியிருந்தவர் அடித்த ஆணி ஒன்று உண்டு. அதில் எதையாவது மாட்டவேண்டும் என்று இதுவரை அவளுக்குத் தோன்றவில்லை. ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லையே என்ற குறையும் இல்லை. குறையெல்லாம் அண்ணனுக்குத்தான்.

அண்ணன் வேனோடு வந்த காரணம் ஒரு காய்ச்சல். போன வாரம் மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள் சரியாகிவிட்டது. ஆனால் வீட்டுக்காரராகிய பல் டாக்டர் நல்ல மனிதர், அதனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அண்ணன் வீட்டு மாடியில் அவளுக்கென்று ஓர் அறை இருந்தது. வீடு கட்டும்போதே 'பாப்பா ரூம்' என்று வரைபடத்தில் எழுதி, அவளுக்குப் பிடித்த இளநீல வண்ணம் அடித்து, கட்டிலும் பீரோவும் ஆளுயரக் கண்ணாடியும் போட்டு, பத்தொன்பது வருடமாகக் காத்திருந்த அறை. ஒவ்வொரு வருடமும் அண்ணன் கூப்பிடுவார், அவள் சிரித்து மழுப்புவாள். இந்தத் தடவை அவர் கேட்கவில்லை, வேனைக் கொண்டுவந்துவிட்டார்.

மூச்சு வாங்க மாடி ஏறி வந்தவர், இனி ஒரு பேச்சு கிடையாது, செத்துக் கிடந்தால்கூட மூன்று நாள் கழித்துத்தான் தெரியும், அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்று ஒரு மூச்சுப் பேசித் தீர்த்தார். அவர் பின்னால் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வேன் டிரைவர் அறையை ஒரு சுற்று பார்த்தார்.

"சாமான்லாம் ஏற்கனவே ஒரு வண்டியில போயிடுச்சா சார்?"

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. டிரைவரைக் கீழே காத்திருக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியில் அவள் இருந்ததால் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தார். இதற்கு ஒரு முடிவு தெரியாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றார். சொன்ன சொல் தவறாத மனிதர். ஐந்து நிமிடம் பேசினார், பிறகு சுவரில் சாய்ந்தார், பேச்சின் நடுவிலேயே ஒரு வாக்கியம் வால் இல்லாமல் நின்றுபோயிற்று. அவள் திரும்பிப் பார்த்தபோது, அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் கை கால் அசைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அண்ணன் தூங்குவதை அவள் பார்த்துப் பல வருடம் ஆயிற்று. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. மாத்திரை, மூலிகை, காலில் எண்ணெய், கழுத்துக்கு மசாஜ் மெஷின் என்று ஒன்று பாக்கியில்லை. அவர் வீட்டில் அறைக்கு அறை ஏதாவது ஒன்று முனகிக்கொண்டிருக்கும்: மீன் தொட்டி, காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டி, இரண்டு ஃப்ரிட்ஜ், வெளிநாட்டிலிருக்கும் மகன் வாங்கி அனுப்பிய என்னென்னவோ. அதையெல்லாம் தாண்டி, இந்த வெறும் அறையில், தூக்கம் அவரைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது.

நாலு மணி நேரம் தூங்கினார். டிரைவர் ஒன்றரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, மாடிக்கு வந்து எட்டிப் பார்த்து, தானும் குரலைத் தாழ்த்திக்கொண்டு விடைபெற்றுப் போனார். அண்ணன் கண் விழித்தபோது, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாத ஒரு குழந்தையின் முகம் அவருக்கு இருந்தது. எதற்கு வந்தோம் என்பதை மறந்தே போய்விட்டு, டீ குடித்துவிட்டுப் படியிறங்கினார்.

அடுத்த வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அண்ணன் கையில் ஒரு தலையணை. சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றார், தலையணையோடு.

இங்கே அந்தக் குடும்பத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாகவேண்டும். அவர்கள் வீட்டில் யாரும் வெறுங்கையோடு இன்னொரு வீட்டுக்குப் போனதில்லை. அப்பா காலத்திலிருந்தே அப்படி. அதிலும் தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு போவதாவது? ஆகவே வாரம் ஒரு பொருள் வந்தது. தலையணைக்கு அடுத்த வாரம் மேஜை விசிறி. பிறகு, தரையில் படுத்தால் அவள் முதுகு என்னாவது என்று ஒரு மடக்குக் கட்டில். அதில் படுத்தது யார் முதுகு என்று கேட்கக் கூடாது. வரும் நேரமும் முன்னே நகர்ந்தது. பன்னிரண்டு பதினொன்றாகி, பதினொன்று பத்தாகி, ஒன்பது மணிக்கே வந்து நின்றார். அந்நேரம் வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது. அடுத்த வாரம் ஒரு கனமான திரைச்சீலை வந்தது. சுவரில் இருந்த ஆணி பத்தாமல், இன்னும் மூன்று ஆணி அடித்தார்.

ஆரம்பத்தில் அவளுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அண்ணன் தூக்கத்தில் பேசுவார். நாற்பது வருடம் ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர். நாப்பத்தேழ ஓரமா நிறுத்து, எண்பத்திரண்டு தாண்டிப் போகட்டும் என்பார், மிகத் தெளிவாக. அவள் நாற்காலியில் கால்களை மடக்கி வைத்துக்கொண்டு கேட்பாள். அரையிருட்டில் நாற்பத்தேழு அடுப்புப் பக்கம் ஒதுங்கி நிற்கும். எண்பத்திரண்டு, எல்லா ஜன்னலிலும் விளக்கோடு, மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே சத்தமில்லாமல் கடந்து போகும். யாரோ ஒரு பெண் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து வெளியே பார்ப்பாள். கடைசிப் பெட்டி போன பிறகும் அறையில் கொஞ்சம் காற்று அசைவது போலிருக்கும்.

ஆனால் எத்தனை வாரம் ரயில் பார்ப்பது? டீ போட்டால் பாத்திரம் சத்தம் போட்டது. பக்கம் புரட்டினால் அண்ணன் புரண்டு படுத்தார். திரை போட்ட பிறகு படிக்க வெளிச்சமும் இல்லை. மெல்லக் கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் வந்து உட்காரத் தொடங்கினாள். பல் வலிக்காரர்கள் கீழே வருவதும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போவதும் தெரிந்தது. வியாழன் போதாமல் அண்ணன் சனிக்கிழமையும் வரத் தொடங்கினார். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து வாங்கிய நாட்களை அவள் சிமெண்டுப் படியில் கழித்துக்கொண்டிருந்தாள். இப்படியே போனால் தன் அறை தனக்கு இல்லை என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வராதே என்று சொல்ல வேண்டியதுதானே என்று யாரும் எளிதாகக் கேட்டுவிடலாம். அவளால் சொல்ல முடியவில்லை. அப்பா போனபோது அவளுக்குப் பதினொரு வயது, அண்ணனுக்கு இருபது. ராத்திரி வேலைக்குக் கூடுதல் சம்பளம் என்பதால் அண்ணன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது கண் சிவக்க வந்து சேர்வார். அவள் பள்ளியை முடித்து, தையல் படிப்பையும் முடித்தது அவர் விழித்த இரவுகளில்தான். இப்போது அவர் கேட்பதெல்லாம் வாரத்தில் சில மணி நேரத் தூக்கம். தன்னால் தொலைந்த தூக்கத்தைத் தன் அறையில் தேட வந்தவரை எந்த வாயால் போகச் சொல்வது?

பதினாலாவது வியாழன் அண்ணி வந்தாள். புருஷன் வாரம் இரண்டு நாள் தலையணை, விசிறி என்று வீட்டுச் சாமானோடு காணாமல் போனால் எந்தப் பெண்தான் சும்மா இருப்பாள்? ஆட்டோவில் பின்தொடர்ந்தே வந்துவிட்டாள். படியேறி வந்தவள், படியில் புத்தகத்தோடு இருந்த நாத்தனாரைப் பார்த்து நின்றாள். ஏன் இங்கே என்று கேட்டதற்கு, காற்று வாங்க என்றாள் இவள். அந்தப் படியில் காற்று வந்து வருடக்கணக்காகிறது.

உள்ளே அண்ணன் தூங்கவில்லை. மடக்குக் கட்டிலில் மல்லாந்து படுத்து, கண்ணைத் திறந்துகொண்டிருந்தார். போன வாரம் கொண்டுவந்த சின்ன ஃப்ரிட்ஜ் மூலையில் முனகியது. விசிறி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. அண்ணி நின்ற இடத்தில் நின்றபடி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தன் கையால் பூ வேலை செய்த தலையணை உறை. தன் வீட்டு முன்னறைத் திரை.

"முப்பத்தாறு வருஷமா பக்கத்துல இருக்கேன். அங்க வராத தூக்கம் இங்க வருதாக்கும்?"

"இப்போ இங்கயும் வர்றதில்ல," என்றார் அண்ணன்.

சண்டை வரும் என்று இவள் பயந்தாள். வரவில்லை. வந்திருந்தால் தேவலை. அண்ணி கட்டிலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, அந்த ஃப்ரிட்ஜ்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது, அதை ஜன்னல் பக்கம் வைத்திருக்கலாமே என்றாள். ஜன்னல் பக்கம் பிளக் இல்லை என்றார் அண்ணன். அப்படியானால் அடுப்பை நகர்த்தலாமே என்றாள் அண்ணி. மெத்தையைச் சுருட்டிப் படிக்கடியில் போட்டால் இடம் கிடைக்கும் என்றார் இவர். புருஷனும் பெண்டாட்டியும் பல நாளைக்குப் பிறகு ஒருமித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருமே அன்பானவர்கள். வாசற்படியில் நின்றிருந்த அவளை உள்ளே வரச் சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனாள். துணியறையில் அன்று பெண்கள் வார்டு விரிப்புகள். படுத்துப் படுத்து விரிப்பு நைவது எப்போதும் நடுவில்தான். ஓரங்கள் புதுசாகவே இருக்கும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் நைந்த இடத்தில் ஒட்டுப் போடுவார்கள். ஒட்டின் ஓரத்தில் மறுபடி நைந்து போகும், அதற்கும் ஒரு ஒட்டு, கடைசியில் விரிப்பே ஒட்டாகிப் போய்விடும். தெரிந்தவர்கள் ஒட்டுப் போட மாட்டார்கள். முழு விரிப்பையும் நடுவில் நீளவாக்கில் ஒரே வெட்டாக வெட்டிவிடுவார்கள். இரண்டு ஓரங்களையும் நடுவுக்குக் கொண்டுவந்து சேர்த்துத் தைத்தால், நைந்த பாகம் ஓரத்துக்குப் போய் மெத்தைக்கடியில் செருகிக்கொள்ளும். இன்னும் மூன்று வருடம் உழைக்கும். கத்தரியை வைக்கும் நேரம்தான் பக்கென்று இருக்கும், நல்ல துணியைப் பாழாக்குகிறோமோ என்று. இருபத்தெட்டு வருடமாக வெட்டுகிறாள், இன்னும் அந்தப் பக்கென்பது போகவில்லை.

அன்று விரிப்பின் தலைப்பில் கத்தரியை வைத்தவள் வெகுநேரம் அப்படியே இருந்தாள். பதினாலு வாரமாகத் தான் செய்துகொண்டிருந்தது ஒட்டுப் போடும் வேலை என்று அவளுக்கு உறைத்தது. சத்தம் வந்தால் வெளியே போய் உட்கார், வெளிச்சம் போனால் படியில் படி, அண்ணி வந்தால் காற்று வாங்குவதாகச் சொல். கைப்பழக்கம் உள்ளவள் செய்கிற வேலையா இது? இன்னும் கொஞ்ச நாள் போனால் அண்ணன் மேல் வெறுப்பு வந்துவிடும். அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அண்ணன் வந்தார். கையில் ஒரு சுவர்க் கடிகாரம். அவள் திரையை அவிழ்த்து மடித்து வைத்திருந்தாள். வெயில் சுவரின் நடுவரை இறங்கியிருந்தது. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள். கழற்றிவிட்டால் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணா, இனிமே இங்க தூங்க வராதீங்க."

அவர் புரியாமல் பார்த்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கேன். இது ஒரு ஆளுக்குத்தான் போதுற இடம். நீங்க தூங்கறப்பல்லாம் நான் படியில உக்காந்திருக்கேன்."

"எத்தனை நாளா?"

"திரை போட்டதுலேருந்து."

அண்ணன் கடிகாரத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். உனக்காக நான் விழித்திருந்த இரவெல்லாம் மறந்துபோயிற்றா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவள் அந்த இடத்திலேயே உடைந்துபோய்த் திரையை மறுபடி மாட்டியிருப்பாள். அவர் கேட்கவில்லை. தலையை இரண்டு முறை ஆட்டினார். படியில் இறங்கும்போது அவர் கை கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவிப் போனது. மறுநாள் அதே வேன் வந்தது, அதே டிரைவர். இந்தத் தடவை ஏற்றச் சாமான் இருந்ததில் அவருக்கு ஒரு திருப்தி.

அறை பழையபடி ஆயிற்று. வெயில் எட்டு மணிக்கு வந்தது, பதினொன்றரைக்குப் போனது. ஆனால் அவளால் பார்க்க முடியவில்லை. வெயிலைப் பார்த்தால் அண்ணன் முகம் தெரிந்தது. போன் போட்டால் அண்ணி எடுத்தாள், நன்றாக இருக்கிறார் என்றாள், வைத்துவிட்டாள். ஐந்து வாரம். கேட்டது கிடைத்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அவள் அறையின் நடுவில் நின்றாள். சுயநலக்காரி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அப்புறம், இல்லை, நான் செய்தது சரிதான் என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். இரண்டுமே உண்மைபோல்தான் இருந்தது.

ஆறாவது வாரம், ஒரு திங்கட்கிழமை மத்தியானம், துணியறை வாசலில் அண்ணன் வந்து நின்றார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் அங்கே வந்ததே இல்லை. கூரை வரை அடுக்கிய வெள்ளை விரிப்புகளைப் பார்த்து, கோயிலுக்குள் நுழைகிறவர் மாதிரி தயங்கி உள்ளே வந்தார். அவள் முக்காலியை இழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரம் அவள் தைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நீ வராதீங்கன்னு சொன்னப்போ உன் முகத்தைப் பாத்தேன்," என்றார். "ஏதோ கொலை பண்ணிட்ட மாதிரி இருந்தே. அதையே நினைச்சுட்டு இருந்தேன். ஏன் பாப்பா, நான் ராத்திரியெல்லாம் முழிச்சது உனக்காகன்னு நினைச்சுட்டு இருக்கியா?"

அவள் மெஷினை நிறுத்தினாள். "பின்ன யாருக்காக?"

"முதல் வருஷம் உனக்காகத்தான். அடுத்த வருஷமே பகல் வேலை தர்றேன்னாங்க. அதே சம்பளத்துக்கு. நான்தான் வேணாம்னு எழுதிக் குடுத்தேன்."

பிறகு அவர் விவரமாகச் சொன்னார். கட்டுப்பாட்டு அறையில் ராத்திரியில் ஒரே ஆள்தான். சுவர் முழுக்க ஒரு பலகை, அதில் சின்னச் சின்ன விளக்குகள், ஒவ்வொரு விளக்கும் ஒரு ரயில். நாலைந்து தடவை போன் அடிக்கும், மற்றபடி ஒரு சத்தம் கிடையாது. ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டே பயணம் போவார்கள். விளக்கு ஒன்று நகரும், அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே அவர் யாருக்கும் அண்ணன் இல்லை, புருஷன் இல்லை, அப்பா இல்லை. பதவி உயர்வு வந்தபோதுகூட ஏதோ சாக்குச் சொல்லி அந்த நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டாராம். குடும்பத்துக்காக உழைக்கிறார் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் ஆமாம் என்று விட்டுவிட்டார். அண்ணியிடம்கூட இன்றுவரை சொன்னதில்லை.

"ரிட்டயர் ஆனப்போ போனது வேலை இல்ல பாப்பா, அந்த அறை. உன் ரூமுக்குள்ள வந்து உக்காந்ததும் அதே மாதிரி இருந்துச்சு. அதான் தூக்கம் வந்துடுச்சு. நான் ஒரு மடையன், ஒவ்வொண்ணா கொண்டாந்து அதையும் அடைச்சுட்டேன்."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. நாற்பது வருடமாக முதுகில் சுமந்த மூட்டையை இறக்கிப் பார்த்தால் முக்கால்வாசி உமி. எத்தனை ஆசைகளை, அண்ணன் கஷ்டப்படுகிறாரே என்று வாய்விட்டுக் கேட்காமல் விழுங்கியிருக்கிறாள். இந்த மனிதர் அங்கே விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார், நிம்மதியாக. கொஞ்ச நேரம் கழித்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. வார்டிலிருந்து துணி வாங்க வந்த நர்ஸ் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அப்புறம் வருவதாகச் சொல்லிப் போனாள்.

சிரித்து முடித்தபின் அண்ணன் விரல்களைப் பார்த்துக்கொண்டு பேசினார். அவர் வந்த விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"எனக்கும் ஒரு ரூம் வேணும். மாடியில உனக்குன்னு வச்சிருக்கோம் இல்ல, அதை நான் எடுத்துக்கட்டுமா? உங்க அண்ணி ஒத்துக்கல. நாளைக்குப் பாப்பா வந்தா எங்க இருப்பான்னு கேக்குறா. உன் வாயால கேட்டுட்டு வரச் சொன்னா."

பத்தொன்பது வருடமாக வேண்டாம் என்று சொன்ன அறை. உடனே சரி என்று சொல்ல வேண்டியதுதானே? காய்ச்சலில் கிடந்த மூன்றாம் நாள், தண்ணீர் எடுக்க எழுந்து, முடியாமல் மறுபடி விழுந்தபோது, அவள் நினைத்தது அந்த இளநீலச் சுவரைத்தான். முதுகு வலிக்கிற மழைநாளில், கண் மங்குகிறதோ என்று சந்தேகம் வரும்போதெல்லாம், கடைசியில் போய் விழ ஓர் இடம் இருக்கிறது என்று மனசின் ஓரத்தில் அதை மடித்து வைத்திருந்திருக்கிறாள். யார் தயவும் இல்லாமல் வாழ்கிறேன் என்று அவள் நிமிர்ந்து நடந்த ஒவ்வொரு நாளும் அந்த அறை அவளுக்குப் பின்னால் கட்டில் போட்டுக் காத்திருந்தது. அதை விட்டால்தான், தான் சொல்லிக்கொண்ட வாழ்க்கை நிஜமாகவே தொடங்கும். ஐம்பத்திரண்டு வயதில். அவளுக்குப் பயமாக இருந்தது.

அண்ணன் அவசரப்படுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் அனுமதி கேட்டு நிற்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தில் தூங்காத நாட்கள் எல்லாம் தெரிந்தன.

"எடுத்துக்கோங்க அண்ணா," என்றாள். "முதல்ல அந்தக் கட்டிலையும் பீரோவையும் தூக்கி வெளிய போடுங்க. அண்ணி என்ன குடுத்தாலும் உள்ள வாங்கி வைக்காதீங்க."

"உனக்கு உடம்புக்கு முடியலைன்னா?"

"முடியலைன்னா சொல்லி அனுப்பறேன், வந்து பாத்துக்கோங்க. நல்லானதும் கிளம்பிடுங்க."

அவர் எழுந்து, சிறுவயதில் செய்வது போல அவள் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். துணி வாங்க வந்த நர்ஸ் மறுபடி வந்தாள், விரிப்புகளை எண்ணி வாங்கிக்கொண்டு போனாள். அவள் மீதி வேலையை முடித்தாள், மெஷினுக்கு உறை போட்டாள், கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிரே வந்தவர்கள், கடைகள், வண்டிகள் எல்லாம் கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருப்பது போலிருந்தது. கால் தரையில் பாவாத மாதிரி ஒரு நடை. இனி இந்த உலகத்தில் அவளுக்கு இருப்பது ஒரே ஓர் அறை. அதை உடனே பார்க்கவேண்டும் போலிருந்தது. கொஞ்சம் வேகமாக நடந்தாள்.